செங்கல் எடுத்த படம்

பிரம்மநாயகம் அண்ணாச்சி பொய்யே சொல்லமாட்டார். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பாளையங்கோட்டையில் ‘நாயகம் ஸ்டுடியோ’ என்று பலகை மாட்டிப் பாதி ஊருக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்த மனுஷன். ஆளுக்கொரு போன் வந்ததும் ஊர் தன்னைத் தானே எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது கோழி பொரித்து விற்கிறார்கள். அண்ணாச்சியின் நடைமுறை மட்டும் மாறவில்லை. காலையில் குளித்து, சட்டையைப் பேண்டுக்குள் செருகி, கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால் “ஒரு வேலை விஷயமா” என்பார். அந்த வேலை விஷயம் பெரும்பாலும் திருநெல்வேலி சந்திப்பில், பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், மைதீன் பாயின் பைக்கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும் ஸ்டூலில் போய் முடியும்.

மைதீன் பாய் சிரிக்கமாட்டார். கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். சிரிப்பு என்கிற சரக்கு அவர் கடையில் ஸ்டாக் இல்லை, அவ்வளவுதான். அவருடைய ஆதார் அட்டையையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அட்டைதான் கொஞ்சம் கலகலப்பாகத் தெரியும்.

ஆனால் வியாபாரத்தில் அவருக்கு என்று ஒரு முறை உண்டு. காலிப் பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு “நல்லாருக்கு” என்று சொல்லுகிறவர்களை அவருக்கு ஆகாது. அதற்காகவே கல்லாவுக்கு அடியில் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார். கேமராவுக்கு முழுச் செங்கல், லென்சுக்கு அரைச் செங்கல், லேப்டாப்புக்குக் காய் நறுக்குகிற பலகை. எல்லாவற்றையும் பழைய பேப்பரில் சுற்றிப் பைக்குள் அந்தந்த அறையில் வைத்து, ஆளின் தோளில் ஏற்றி, “டீக்கடை வரைக்கும் போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவார். திரும்பி வரும்போது முகம் எப்படி இருக்கிறதோ அதுதான் அந்தப் பையின் தரம். அவருடைய வியாபார ரகசியம் இதுதான்.

அன்றைக்குக் கடையில் இன்னொருவரும் இருந்தார். ஆவுடையம்மாள் டீச்சர், கணக்கு டீச்சர், கைப்பைக்கு ஜிப் மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். யார் என்ன சொன்னாலும் மனதுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வார். அண்ணாச்சிக்கு அப்படிப்பட்டவர்கள் இருந்தால்தான் பேச்சு சூடுபிடிக்கும்.

அப்போதுதான் ஜெபசெல்வி கழுத்தில் கேமராவோடு உள்ளே வந்தாள். கல்யாணப் படம் எடுப்பதுதான் தொழில். மண்டபத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று மாப்பிள்ளையையே அதட்டுகிற பெண். போன கல்யாணத்தில் அவளுடைய பழைய பையின் பட்டை அறுந்து, கேமரா மணமேடைப் படியில் உருண்டு, லென்சு ஒன்று விரிசல் விட்டுவிட்டது.

“பாய், நல்ல பை ஒண்ணு காட்டுங்க. ரெண்டு கேமரா, லென்சு, பிளாஷ், லேப்டாப்பு, எல்லாம் ஒண்ணுலயே போவணும். ஞாயித்துக்கிழமை தென்காசியில கல்யாணம்.”

லேப்டாப் எதற்கு என்றால், இப்போதெல்லாம் தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போதே, எடுத்த படத்தை மண்டபத்துத் திரையில் ஓட்டிக் காட்டவேண்டும். சாம்பாரை ஊற்றுவதற்குள் தாலி கட்டின படம் வரவில்லை என்றால் பெண்ணின் மாமன்மார் கோபித்துக்கொள்வார்கள்.

பாய் மூன்று பைகளை இறக்கினார். முதலாவது கறுப்பு. அண்ணாச்சியின் பையோடு கூடப் பிறந்தது அது. அவரும் இங்கேதான் வாங்கினார், அந்த ரகத்தில் இந்த ஒன்று மட்டும் போகாமல் கிடந்தது. செல்வி செங்கலோடு அதை மாட்டிக்கொண்டு டீக்கடை வரை போய்வந்து, “தோளை அறுக்கு பாய்” என்று கழற்றி, அப்படியே பெஞ்சில் வைத்தாள். அந்த பெஞ்சில்தான் அண்ணாச்சியின் பையும் இருந்தது.

அடுத்தது சாம்பல் நிறம். கச்சிதமான பை, வைத்ததெல்லாம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. முதுகோடு ஒட்டுகிற பக்கம்தான் ஜிப், அதனால் கூட்டத்தில் பின்னாலிருந்து எவனும் திறக்கமுடியாது. மூன்றாவது நீலம். தோளுக்கு மெத்தென்று இருந்தது, ஆனால் ஆள் பெரிசு. எல்லாவற்றையும் வைத்த பிறகும் மேலே ஒரு அறை காலியாகக் கிடந்தது.

“நீலந்தான் தோளுக்குச் சொகமா இருக்கு,” என்றாள் செல்வி. “ஆனா மேலறை சும்மா கெடக்குமே பாய். வெறும் அறையைச் சொமந்துக்கிட்டு அலையணுமா?”

“கூட யாரு வாரா?” என்று பாய் கேட்டார்.

“தூத்துக்குடியில ஒரு ஆளைச் சொல்லிருக்காவ, ரெண்டாவது கேமராவுக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். யோசனையாத்தான் இருக்கு. போன கல்யாண ஆல்பத்தைப் பாத்துட்டுப் பொண்ணு வீட்டுல ஒரே சண்டை. ஒருத்தர் மூஞ்சியிலயாவது சிரிப்பு இருக்கா, இது கல்யாண வீடா துட்டி வீடான்னு கேட்டுட்டாவ. இந்த வீடு அதுக்கும் மேல. மாப்பிள்ளைக்கு அப்பா ஜெயில்ல பெரிய அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு பாத்தாலே கேமரா அட்டென்ஷன்ல நிக்கும்.”

ஸ்டூலில் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேறொருவராக இருந்தால், “ஏம்மா, நான் சும்மாதான இருக்கேன், நான் வரட்டுமா?” என்று கேட்டிருப்பார். அண்ணாச்சிக்கு அந்தப் பேச்சு தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வேலை இல்லை என்று வாயைத் திறந்து சொல்லவேண்டுமே. வீட்டில் அவர் மனைவி கோமதி காலையில் டிபன் டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது “இன்னைக்கு எங்க வேலை?” என்று கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். அவள் கேட்காமல் இருப்பதுதான் அவருக்கு நாள் முழுக்க உறுத்தும். இந்தக் கல்யாணம் கிடைத்தால் ராத்திரி அவளிடம் தானாகப் போய்ச் சொல்லலாம். அவ்வளவுதான் அவர் ஆசை. ஆனால் கேட்கமாட்டாரே. கேட்கத்தான் வாய் வராது, மற்றதற்கெல்லாம் தாராளமாக வரும்.

“தென்காசியில சாரல் வேற அடிக்கு,” என்றாள் செல்வி. “இதுக்கு மழை உறை இருக்கா பாய்?”

“சாரலுக்கு உறையா?” என்றார் அண்ணாச்சி. “ஏம்மா செல்வி, என் பை ஐந்தருவியிலயே விழுந்த பை.”

“ஆரம்பிச்சாச்சு,” என்று மைதீன் பாய் ஜிப்பைத் தைக்கத் திரும்பிக்கொண்டார்.

“நீரு தையும். நான் டீச்சர்கிட்டச் சொல்லுதேன். ஒரு புது மாப்பிள்ளை பொண்ணை அருவிக்கு முன்னால நிப்பாட்டி எடுத்துக்கிட்டு இருக்கேன். பை பாறை மேல இருக்கு. திடீர்னு வெள்ளம். பையைத் தூக்கிட்டுப் போயிட்டு. எல்லாரும் கெடந்து கத்துதாவ. நான் கத்துவனா? பேசாம பஸ்ஸைப் பிடிச்சுப் புன்னைக்காயல் போயி, கடக்கரையில துண்டை விரிச்சு உக்காந்துட்டேன்.”

“புன்னைக்காயல் எதுக்கு?” என்றார் டீச்சர்.

“ஐந்தருவித் தண்ணி சித்தாத்துல சேரும். சித்தாறு தாமிரபரணியில சேரும். தாமிரபரணி கடல்ல சேருத இடம் எது? புன்னைக்காயல். நீங்க டீச்சரு, உங்களுக்கு நான் சொல்லணுமா?”

டீச்சர் மனதுக்குள் ஆற்றோடு போய்ப் பார்த்தார். தப்பு இல்லை. அண்ணாச்சியிடம் இருக்கிற தொல்லையே இதுதான். முதல் படி எப்போதும் சிமெண்டுத் தரை மாதிரிக் கெட்டியாக இருக்கும், நம்பிக் காலை வைத்துவிடுவோம்.

“மறுநாள் விடியுது, பை மிதந்து வருது. ஒரு பொட்டு ஈரம் கெடையாது. தொறந்தா கேமராவுல பிலிம் ரோல் முடிஞ்சு கெடக்கு. கழுவிப் பாத்தா, தென்காசிப் பாலம், சீவலப்பேரி, முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, எல்லாம் வரிசையா விழுந்திருக்கு. ஆத்துல குளிச்சுக்கிட்டு இருந்தவன்லாம் தலையைச் சீவிட்டுப் போஸ் கொடுத்திருக்கான்.”

“யாரு எடுத்தா?” என்றார் டீச்சர்.

“யாரு எடுக்கணும்? கல்லுல முட்டும்போதெல்லாம் பட்டன் தானா அமுங்கிருக்கு.”

மைதீன் பாய் ஊசியை நிறுத்தினார். “வே, பை மூடிலா கெடந்துச்சு. உள்ள இருந்துக்கிட்டு கேமரா என்னத்தைப் பாத்துச்சு?”

“ஜிப்பு ஓரத்துல சின்னதா ஒரு ஓட்டை. லென்சு சரியா அங்ஙன வந்து நின்னுக்கிட்டு.”

“ஓட்டை இருந்தா தண்ணி உள்ள போவாதா?”

“போவப் பாத்துச்சு வே. தலையை நீட்டி எட்டிப் பாத்திருக்கு. உள்ள இருந்து பிளாஷ் அடிச்சிச்சு. கண்ணு கூசித் திரும்பிப் போயிட்டு.”

பாய் மறுபடியும் தைக்க ஆரம்பித்தார். செல்வி சாம்பல் பையின் லேப்டாப் அறையைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அது பிலிம் காலத்துக் கதை அண்ணாச்சி. இப்ப லேப்டாப்பைச் சொமக்கணும்லா. அது ஆடாம அசையாம இருக்கணும்.”

அண்ணாச்சி பையிலும் லேப்டாப் அறை உண்டு. அதில் லேப்டாப் இருந்ததே கிடையாது. எவர்சில்வர் தட்டு ஒன்று இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை தீர்ந்துபோனாலும் சாப்பாடு தப்பக்கூடாது என்று பல வருஷமாக அதில் வைத்திருக்கிறார். அளவாக உட்காரும்.

“லேப்டாப்பா!” என்றார், ஏதோ மாமன் மகன் பேரைச் சொன்ன மாதிரி. “ஆரல்வாய்மொழியில என் லேப்டாப்புப் பட்ட பாட்டைக் கேக்கியா? காத்தாலைக் காட்டுல, பெரிய காத்தாடிக்கு முன்னால பொண்ணு மாப்பிள்ளையை நிப்பாட்டி எடுக்கணும்னு வரச் சொல்லிருந்தாவ. வைகாசிக் காத்து. லென்சு ஒண்ணை எடுப்போம்னு ஜிப்பைத் தொறந்தேன். காத்து உள்ள புகுந்து, பை ஊதிக்கிட்டு, என்னை அப்படியே தூக்கிட்டு. போயி, பட்டை காத்தாடி ரெக்கையில மாட்டிக்கிட்டு. நான் தொங்குதேன். அது சுத்துது. நானும் சுத்துதேன்.”

“ஐயய்யோ,” என்றார் டீச்சர். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கவேண்டாமே என்று நினைத்தார்.

“கீழ பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்காவ. வந்த வேலையை விடமுடியுமா? மேல போவும்போது ஒரு படம், கீழ வரும்போது ஒரு படம். இப்ப ட்ரோனு ட்ரோனுன்னு பறக்க விடுதாவள்ளா, அந்தப் படமெல்லாம் நான் அன்னைக்கே தொங்கிக்கிட்டு எடுத்தது. கீழ வரும்போது ‘நாடியைத் தூக்கும்மா’ன்னு சொல்லுவேன். அடுத்த சுத்து வந்து பாப்பேன், தூக்கிருப்பா.”

“எப்ப வே எறங்குனீரு?”

“காத்து நின்ன பொறவுதான்.”

“எப்ப நின்னுச்சு?”

“ஐப்பசியில.”

பாய் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். “வைகாசியில ஏறி ஐப்பசியில எறங்குனீரு. அதுவரைக்கும் சோறு?”

“ரெக்கை கீழ வரும்போது மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போட்டுருவாவ.”

“காத்தாடி ரெக்கை எங்க வே தரைக்கிட்ட வருது?”

“என் பாரத்துல வளைஞ்சு வந்துச்சு. லேப்டாப்பு அறையிலதான் தட்டு இருக்கே, அதை நீட்டுவேன், விழும்.”

“லேப்டாப்பு அறையில தட்டு இருந்துச்சுன்னா,” என்றாள் செல்வி, “லேப்டாப்பு எங்க இருந்துச்சு அண்ணாச்சி?”

அண்ணாச்சி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “மடியில. அத்தனை மாசம் சும்மா தொங்க முடியுமா? ஆல்பம் பூராவையும் அங்ஙனயே முடிச்சிட்டேன்.”

“சார்ஜ்?” என்றார் டீச்சர். ஆளைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது.

அண்ணாச்சி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “காத்தாடி எதுக்கு டீச்சர் சுத்துது?”

டீச்சர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நான் ஆல்பத்தோட கீழ எறங்குனா அந்தப் பொண்ணுக்கு வளைகாப்பு நடக்கு. வந்தது வந்தாச்சேன்னு அதையும் எடுத்துக் கொடுத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்.”

அந்த நேரம் செல்வியின் போன் அடித்தது. அவள் பெயரைப் பார்த்துவிட்டு எடுத்து, “ஆமா அண்ணா, இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்லிருதேன். பை வாங்கிக்கிட்டு இருக்கேன்” என்று வைத்தாள். தூத்துக்குடிதான். இவ்வளவு பேசியும் இந்தப் பெண் ஒரு வார்த்தை, ‘நீங்க வாரியளா’ என்று கேட்கவில்லையே. கதை பத்தவில்லை என்று அண்ணாச்சி முடிவு செய்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

செல்வி நீலப் பையின் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். “எனக்குப் பட்டைதான் பயம். போன தடவை மாதிரி அறுந்து விழுந்துச்சுன்னா அவ்வளவுதான்.”

“பட்டைன்னா என் பைப் பட்டையைச் சொல்லணும்,” என்றார் அண்ணாச்சி. “எங்க அம்மா ஊருல தேரோட்டம். கூட்டத்துல ஒரு களவாணிப்பய என் பையைப் பிடிச்சு இழுத்துட்டு ஓடுதான். பை அவன் கையில, பட்டை என் தோள்ல. அவன் ஓட ஓடப் பட்டை நீளுது. நான் நின்ன இடத்துலயே நின்னு தேரைப் படம் எடுத்துக்கிட்டு இருக்கேன். கயத்தாறைத் தாண்டிட்டான். கோவில்பட்டியைத் தாண்டிட்டான். சாத்தூர்ல நின்னு சேவு வாங்குதான்.”

“அது உமக்கு எப்படித் தெரியும்?” என்றார் பாய்.

“பட்டை வழியா வாசனை வருதுல்லா. விருதுநகரும் போச்சு. இனி மதுரைக்குள்ள நுழைஞ்சான்னா வண்டி நெரிசல்ல பட்டை அழுக்காயிரும். சரி, போதும்னு தோளை இப்படி ஒரு குலுக்கு.” குலுக்கிக் காட்டினார். ஸ்டூல் கிறீச்சிட்டது. “சும்மா ஒரு குலுக்குத்தான். பட்டை சுருங்குன சுருக்குல, பையி, பையைப் பிடிச்ச களவாணி, அவனைத் துரத்திக்கிட்டு வந்த ஏட்டையா, ஏட்டையா ஏறி வந்த சைக்கிளு, வாங்குன சேவு, எல்லாம் எங்கிட்ட வந்து நிக்கி. வந்த வேகத்துல பை போய்த் தேர்ல ஒரு முட்டு. காலையில இருந்து நகராம அழிச்சாட்டியம் பண்ணிக்கிட்டு நின்ன தேரு அந்தாக்குல நிலைக்குப் போயிட்டு.”

“களவாணி?” என்றார் டீச்சர்.

“பாவம், ஓடிக் களைச்சுட்டான். சேவை மூணு பேரும் சேந்து தின்னோம். ஏட்டையாவுக்குக் கொஞ்சம் காரம் பத்தலை.”

“வே நாயகம்,” என்றார் மைதீன் பாய், தைத்த ஜிப்பை ஓட்டிப் பார்த்துக்கொண்டே. “அந்தப் பை நம்ம கடையில வாங்குனதுதான? வாங்குன புதுசுலயே பட்டை தையல் விட்டுப் போச்சுன்னு வந்தீரு. நாந்தான் தச்சுக் கொடுத்தேன்.”

“அதையேன் கேக்கீரு! நீரு தச்ச பொறவுதான் இந்த நீளம் நீளுது.”

செல்வி தலையைக் குனிந்துகொண்டு பையைப் பார்த்தாள். அவள் சிரித்தாளா இல்லையா என்பது அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. கையில் போன் இருப்பது மட்டும் தெரிந்தது. இனிமேல் விட்டால் போய்விடும் என்று ஒரேயடியாக ஏறிவிட்டார்.

“பைக்கும் எனக்கும் உள்ள பழக்கம் வேறம்மா. ஆயிரம் பைக்கு நடுவுல என்னைக் கண்ணைக் கட்டி விட்டாலும் என் பை எதுன்னு கை சொல்லிரும். தூக்குன உடனே உள்ள என்னென்ன இருக்கு, பேட்டரியில எவ்வளவு சார்ஜ் நிக்கி, அதுவரைக்கும் சொல்லிருவேன்.”

ஆவுடையம்மாள் டீச்சர் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. “ஆயிரம் பை வேண்டாம் அண்ணாச்சி. கண்ணை மூடிக்கிட்டு உங்க பையில இருந்து கேமராவை எடுத்து, இந்தப் பிள்ளையை ஒரு படம் எடுங்க. நாங்க நம்புதோம்.”

“ஆமா அண்ணாச்சி,” என்றாள் செல்வி. “புதுப் பையோட என்னை ஒரு படம் எடுங்க. நானும் பாக்கேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆளை எடைபோடுகிற குரல் அது. அண்ணாச்சிக்கு அது உடனே புரிந்தது, உள்ளுக்குள் குளிர்ந்தது. மற்றதில் எப்படியோ, படம் எடுப்பதில் அவர் புளுகர் இல்லை. முகத்தைப் பார்த்ததும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழவேண்டும் என்று சொல்லிவிடுவார். கதைகளால் ஆகாதது ஒரு படத்தால் ஆகிவிடும். எழுந்தார். சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டார். கண்ணை மூடினார்.

கையைப் பெஞ்சின் மேல் நீட்டினார். அங்கே இரண்டு கறுப்புப் பைகள் ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தன. ஒன்றைத் தொட்டார். விட்டுவிட்டார். அடுத்ததைத் தொட்டார். முகத்தில் சொந்தக்காரரைக் கண்டுகொண்ட மலர்ச்சி.

“இந்தா,” என்றார். “வந்துட்டான் பாத்தியளா.” தூக்கிப் பிடித்தார். “ஒரு கேமரா. ரெண்டு லென்சு. பேட்டரி முக்கால் சார்ஜ்.”

மைதீன் பாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டார்.

அண்ணாச்சி ஜிப்பைத் திறந்து கையை விட்டார். “கேமராவைப் பேப்பர்ல சுத்திருக்கு. வீட்டுல கோமதி வச்சிருப்பா, பதவிசானவ,” என்று சொல்லிக்கொண்டே பேப்பரைப் பிரித்தார். கைக்குள் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்தார்.

செங்கல்.

நல்ல சூளைச் செங்கல். சூளையின் பெயர்கூட அழுத்தமாகப் பதிந்திருந்தது.

அண்ணாச்சிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. போச்சு என்று நினைத்தார். கல்யாணம் போச்சு, தென்காசி போச்சு, கோமதியிடம் சொல்ல நினைத்ததும் போச்சு. எதிரே செல்வி ஒரு கையில் போனோடு நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் கணக்குச் சரியாக வந்த மகிழ்ச்சியில் இருந்தார். அண்ணாச்சியின் சொந்தப் பை பெஞ்சில் பக்கத்திலேயே சாதுவாகக் கிடந்தது. குனிந்து அதை எடுத்து, “மாறிப்போச்சும்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில் எப்போதும் வருவதில்லை.

அண்ணாச்சி செங்கலைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டார். மற்றக் கண்ணை இறுக்கி மூடினார்.

“அசையாதிய,” என்றார். “செல்வி, தலையை ஒரு பொட்டு எடது பக்கம் சாய்ம்மா. டீச்சர், நாடியை எறக்குங்க, பாஸ் மார்க்கு போடுத மாதிரி பாருங்க. பாய், நீரு கொஞ்சம் நவுண்டு வாரும்.”

“வே,” என்றார் மைதீன் பாய், நிதானமாக. “அது செங்கல்லு.”

“தெரியும் வே. உம்ம மூஞ்சியை எடுக்க இதுதான் தாங்கும். கண்ணாடி லென்சுன்னா எப்பவோ வெடிச்சிருக்கும். சிரியும், சிரியும். போக்கஸ் ஆவ மாட்டேங்கு.” ஒரு விரலால் செங்கலின் விளிம்பைத் திருகினார். செம்மண் பொடி அவர் மூக்கில் உதிர்ந்தது. “கொஞ்சம் இருங்க. பேட்டரி எறங்கிட்டு.”

மைதீன் பாயின் மீசை முதலில் அசைந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு, பல காலம் பூட்டிக் கிடந்த கடை ஷட்டரைத் தூக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து கிளம்பியது. அது சிரிப்பு என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு மேசை மேல் கவிழ்ந்துவிட்டார். பாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துணியை எடுத்துத் துடைக்கிறேன் என்று தைக்கக் கொடுத்த கைப்பையால் துடைத்துக்கொண்டார்.

சடக், சடக் என்று சத்தம் கேட்டது. அண்ணாச்சி திரும்பினார். செல்வி தன் கேமராவை எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை. குனிந்தும் சாய்ந்தும் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பிறகு பின்பக்கத் திரையில் படத்தை எல்லாருக்கும் காட்டினாள். மைதீன் பாய் தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறார். டீச்சரின் கண்ணாடி ஒரு காதிலிருந்து தொங்குகிறது. நடுவில் அண்ணாச்சி, செங்கலும் மூடின கண்ணுமாக, அவ்வளவு சீரியஸாக நிற்கிறார்.

பாய் தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “இதை வீட்டுல காட்டுனா யாரு இதுன்னு கேப்பாவ,” என்றார்.

செல்வி போனை எடுத்து நம்பரைத் தட்டினாள். அண்ணாச்சி காதைத் தீட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தார்.

“அண்ணா, செல்வி பேசுதேன். ஆமா, ஞாயித்துக்கிழமை வந்துருங்க. ரெண்டாவது கேமரா நீங்கதான்.”

அண்ணாச்சி செங்கலை மெல்லப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினதைப் பிரித்து மறுபடியும் சுற்றினார். தன்னுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டினார். உள்ளே தட்டு கணீரென்றது. “சரி பாய், ஒரு வேலை விஷயமாப் போவணும்,” என்றார்.

“எங்க போறிய அண்ணாச்சி?” என்றாள் செல்வி. “உங்ககிட்ட இன்னும் நான் பேசவே இல்லையே. கேமராவுக்கு ஆள் கெடைச்சாச்சு. அது யாரு வேணும்னாலும் பிடிப்பாவ. அந்த ஜெயில் அதிகாரியைச் சிரிக்க வைக்க ஆளு வேண்டாமா? இவரைச் சிரிக்க வச்சிட்டிய, அவரு எம்மாத்திரம்? ஞாயித்துக்கிழமை வெள்ளனவே வந்துருங்க. தூத்துக்குடி அண்ணனுக்கு என்ன சம்பளமோ அதுதான் உங்களுக்கும்.”

அண்ணாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. செங்கல் பொடி விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் சொன்னதிலேயே சின்னப் பொய் அதுதான். உடனே சமாளித்துக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை எனக்கு வேற எதுவும் இருக்கான்னு பாக்கணும்,” என்று ஆரம்பித்தவர், செல்வியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சரிம்மா, வாரேன். கேமராவைத் தொடச்சு எடுத்துட்டு வந்துருதேன்.”

“கேமரா வேண்டாம் அண்ணாச்சி. அந்தச் செங்கலைக் கொண்டு வாங்க போதும்.” பாயிடம் திரும்பினாள். “எனக்கு நீலத்தையே கொடுங்க பாய். மேலறை சும்மா கெடக்காது.”

இத்தனை வருஷம் படம் எடுத்த மனுஷனிடம் கேமரா வேண்டாம் என்று சொன்னால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். அண்ணாச்சிக்கும் வலித்தது. கல்லாவுக்கு அடியில் இருந்த அடுக்கைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். ஊதித் தூசி தட்டினார்.

“எதைம்மா கொண்டு வர?” என்றார். “கூட்டமா நிக்கவங்களுக்கு முழுச் செங்கல்தான் சரியா வரும். ஜெயில் அதிகாரிக்கு மட்டும் குளோசப்புன்னா அரைச் செங்கல் நல்லாருக்கும்.”

மைதீன் பாயின் முகத்தில் ஷட்டர் பழையபடி இறங்கியிருந்தது.

“எதுன்னாலும் திங்கக்கிழமை காலையில கடைக்குத் திரும்பி வந்துரணும் வே,” என்றார். “எனக்கு வியாபாரத்துக்கு வேணும்.”